டார்லீனுக்கென்று ஓர் அச்சு

டார்லீன் ஹாக்கன்பெரியின் பித்தளைத் தோட்டாக் கூடுகளுக்கு அற்பாயுசு. நாலு தடவை சுட்டால் போதும், அடிப்பக்கத்தைச் சுற்றி மோதிரம் மாட்டியது போல ஒரு வளையம் பளபளக்கும். அடுத்த தடவை அந்த வளையத்தோடு கீறல் விட்டு உயிரை விட்டுவிடும். அதே கடையில் அதே பெட்டியில் வாங்கிய கூடுகளில் மறுபாதியைத்தான் அவள் புருஷன் மெர்ல் வைத்திருந்தான். அவனுடையவை பன்னிரண்டு தடவை சுட்ட பிறகும் புதுமாப்பிள்ளை மாதிரி மினுங்கிக்கொண்டு கிடந்தன.

"ஏன் மெர்ல் இப்படி?" நிலவறையில் பெஞ்சின்மேல் குனிந்திருந்தவனைக் கேட்டாள்.

"சில பேருக்கு வாய்க்கிறது அப்படி," என்றான் அவன், நிமிராமல்.

வேறு யாருக்காவது இந்தப் பதில் போதுமாயிருந்திருக்கும். டார்லீனுக்கு ஒரு பதில் முதல் தடவையிலேயே போதுமாயிருந்ததாகப் பென்சில்வேனியாவின் அந்த மலைப்பக்கத்தில் யாருக்கும் ஞாபகம் இல்லை. சின்ன வயசில் அப்பாவின் அலாரம் கடிகாரத்தைப் பிரித்துப் போட்டு முதுகில் வாங்கினவள். பெரியவளாகிப் பள்ளிக்கூட பஸ் ஓட்டப் போனாள், இன்னமும் ஓட்டுகிறாள். ஒரு பிள்ளை அழுதுகொண்டே பஸ்ஸில் ஏறினால் அழாதே என்று சொல்லமாட்டாள், ஏன் என்று கேட்பாள். பதில் வரும்வரை மேல்கண்ணாடியில் அதன் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் வண்டி போகும். பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் 'மிஸஸ் ஏன்'. அது அவளுக்கும் தெரியும், உள்ளூரப் பெருமையும் உண்டு.

மான் வேட்டை தொடங்கும் திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தையே மூடிவிடுகிற ஊர் அது. பெண்பிள்ளைகளும் பத்துப் பன்னிரண்டு வயசிலேயே அப்பனோடு காட்டுக்குப் போய்விடுவார்கள். டார்லீனும் போனாள். ஆனால் மானைவிட அவளை இழுத்தது குறி பார்த்துச் சுடுகிற அட்டைதான். ஆயிரம் கஜத்துக்கு அப்பால் ஒரு அட்டை. நடுவே காற்று, கானல், புல்வெளி, ஒரு ஓடை. இவ்வளவையும் தாண்டி ஒரு குண்டு எப்படி அங்கே போய்ச் சேருகிறது, சேராவிட்டால் ஏன் சேரவில்லை என்கிற கேள்வி அவளுக்குச் சாகும்வரை போதும். டிரெஸ்லர் பள்ளத் துப்பாக்கிக் கழகத்தில் மெர்லோடு சேர்ந்து அவளும் உறுப்பினரானது அதற்காகத்தான்.

அந்தக் கழகத்தில் சுட்ட கூட்டை யாரும் தூக்கி எறிவதில்லை. பொறுக்கி, துடைத்து, எஃகு அச்சுக்குள் கொடுத்துக் கைப்பிரஸ்ஸால் ஒரு அமுக்கு. வெடித்த வேகத்தில் உப்பிப்போன உடம்பு பழைய அளவுக்கு வந்துவிடும். அப்புறம் அடியில், ஊசி தட்டினால் தீப்பொறி விடுகிற புதுக் கேப்பு, உள்ளே புது மருந்து, வாயில் புதுக் குண்டு. மறுபடி தோட்டா. கடையில் செய்த தோட்டாவை வாங்கிக்கொண்டு ஆயிரம் கஜத்துக்கு வருகிறவனை, மகள் கல்யாணத்துக்குக் கடைக் கேக் வாங்கி வருகிறவளைப் பார்ப்பது போலப் பார்ப்பார்கள்.

டார்லீனுக்குத் தோட்டா செய்தது மெர்ல். அது கல்யாணமான நாளிலிருந்து வீட்டில் எழுதாத சட்டம். அவளுடைய துப்பாக்கியையும் அவன்தான் வாங்கித் தந்தான், இருபதாவது கல்யாண நாளுக்கு. பக்கத்து ஜில்லாவில் ஒருவன் செய்த துப்பாக்கி. நல்ல பரிசுதான், குறை சொல்லக்கூடாது. கொடுக்கும்போது சொன்னது மட்டும் அவளுக்கு அப்படியே நினைவிருந்தது: "என்னுதும் உன்னுதும் ஒரே ரகம். ஒரே அச்சு போதும், தனியா எதுவும் வாங்க வேண்டாம்."

ஒரே அச்சுதான் இத்தனை வருஷமாக ஓடியது. அவன் தோட்டாவில் அவன் நன்றாகச் சுட்டான். அதே தோட்டாவில் அவள் நன்றாகச் சுட்டுக்கொண்டே வந்து, திடீரென்று ஒன்று மட்டும் சொல்லாமல் கொள்ளாமல் மேலேயோ கீழேயோ போய் நிற்கும். அப்படிப்பட்ட குண்டுக்குக் கழகத்தில் 'ஓடுகாலி' என்று பெயர். டார்லீனுக்கு ஒவ்வொரு சுற்றிலும் ஒரு ஓடுகாலியாவது உண்டு.

அந்த ஒன்றால்தான் அவள் எட்டு வருஷமாக ஐந்தாவது ஆள். செப்டம்பரில் சுற்றுவட்டாரத்துக் கழகங்களெல்லாம் கேடயத்துக்கு மோதும்போது டிரெஸ்லர் பள்ளத்தின் அணியில் நாலு பேர்தான். ஐந்தாவது ஆள் குழிக்குப் போகவேண்டும். அட்டைகளுக்கு அடியில், மண்மேட்டுக்குப் பின்னால் ஒரு பதுங்குகுழி. ஒவ்வொரு குண்டுக்கும் அட்டையைக் கீழே இறக்கி, ஓட்டையில் குறி செருகி, மேலே ஏற்றுவது வேலை. தலைக்கு மேலே குண்டு காற்றைக் கிழித்துக்கொண்டு போக, பீட்ரூட் சாற்றில் ஊறிய முட்டையைத் தின்றுகொண்டு நிற்கலாம். மற்றபடி ஒரு சுகமும் இல்லை.

டார்லீனுக்கு அந்த நாலில் ஒரு இடம் வேண்டும். கேடயமோ பேரோ அவளுக்குப் பெரிதில்லை. குழியிலிருந்து பார்த்த அந்தப் போட்டிநாள் காற்றை ஒரு தடவையாவது சுடுகிற கோட்டில் படுத்துக்கொண்டு பார்க்கவேண்டும், அவ்வளவுதான். ஆனால் முதல் மூன்று பேர் அவளுக்கு எட்டாத உயரம். நாலாவது இடத்தில் இருந்தவன் மெர்ல். அதை அவளும் வாய்விட்டுச் சொன்னதில்லை, அவனும் சொன்னதில்லை.

வளையம் விழுந்த கூடுகளைப் பார்த்தபோது டார்லீனுக்கு பஸ் டயர் ஞாபகம் வந்தது. டயர் ஒரு ஓரமாய் மட்டும் தேய்ந்தால் டயரைத் திட்டிப் பிரயோஜனமில்லை, சக்கரம் சாய்ந்து ஓடுகிறது என்று அர்த்தம். அப்படியானால் இந்த வளையம் எதைச் சொல்கிறது?

"பித்தளை மட்டம்," என்றான் மெர்ல். "சில கட்டு அப்படித்தான் வரும்."

"ஒரே கட்டுதானே ரெண்டு பேருக்கும்?"

"டார்லீன், உன் ஓடுகாலிக்குக் காரணம் உன் விரல். விசையை இழுக்கும்போது மூச்சைப் புடிச்சுக்கிட்டுப் பேயறைஞ்ச மாதிரி இழுக்குற. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

"கூடம் கோணலா இல்லையான்னு யாராவது போய் அளந்து பாத்தாங்களா?"

மெர்ல் சிரித்துவிட்டான். மின்கம்பம் ஏறி ஓய்வு பெற்றவன், கெட்டிக்காரன், கெட்டவன் இல்லை. தனக்குத் தெரிந்த விஷயத்தில் கேள்வி வந்தால் காதில் பஞ்சு வைத்துக்கொள்வான் என்பது ஒன்றுதான் அவனிடம் இருந்த குறை. அது அந்த ஊர் ஆண்களில் பாதிப் பேருக்கு இருந்த குறையும்தான்.

அளந்து பார்ப்பது என்று டார்லீன் முடிவு செய்தாள். மறுவாரம் கூடுகளின் அடியில் மார்க்கரால் வண்ணம் தீட்டினாள்: தன்னுடையதற்கு நீலம், மெர்லுடையதற்குச் சிவப்பு. ஏனென்று அவன் கேட்கவில்லை. பிறகு அவனுக்குப் பாதி நீலத்தைக் கொடுத்தாள், தான் பாதிச் சிவப்பை எடுத்துக்கொண்டாள். வசந்தகாலம் முழுக்க இருவரும் அப்படியே சுட்டார்கள். மெர்லின் துப்பாக்கியில் போன நீலக்கூடுகள் ஆயுள் கெட்டியாகி நிமிர்ந்து நின்றன. அவளிடம் வந்த சிவப்புக்கூடுகள் இடுப்பில் மோதிரம் போட்டுக்கொண்டு வரிசையாகச் செத்தன.

பித்தளைமேல் குற்றமில்லை. விரல்மேல் பழி போட்டால்கூட, விரல் எப்படிக் கூட்டின் அடியில் வளையம் போடும்? டார்லீனுக்குத் தூக்கம் போகவில்லை, பசிதான் போயிற்று. கேள்வி பிடித்துக்கொண்டால் அவளுக்கு எப்போதும் அப்படித்தான்.

தீவனக் கடைக்குப் பின்னால் ஃபே என்பவள் துப்பாக்கிச் சாமான் கடை வைத்திருந்தாள். வாய் ஓயாதவள், ஆனால் வாடிக்கையாளருக்கு வேண்டாததைத் தலையில் கட்டமாட்டாள். டார்லீன் ரெண்டு கூடுகளைக் கவுண்டரில் வைத்தாள். ஒன்று தன் துப்பாக்கியில் சுட்டது, ஒன்று மெர்லுடையதில் சுட்டது. ரெண்டையும் அச்சுக்குள் கொடுக்காமல், சுட்டது சுட்டபடியே எடுத்து வந்திருந்தாள்.

"உன்கிட்ட தோள் அளக்குற வளையம் இருக்குல்ல ஃபே? ரெண்டையும் அளந்து பாக்கணும்."

"அளவெடுக்க நான் என்ன தையல்காரியா?" என்றாள் ஃபே. ஆனால் அளவுமானியை எடுத்துவிட்டாள்.

கூட்டுக்கு மனுஷன் மாதிரியே உடம்பு, தோள், கழுத்து எல்லாம் உண்டு. சுடும்போது அது துப்பாக்கியின் அறைக்குள் நாலாபுறமும் விரிந்து, அந்த அறையின் அளவை அப்படியே தன் உடம்பில் வாங்கிக்கொண்டு வெளியே வரும். ஆகவே சுட்ட கூட்டை அளப்பது அது கிடந்த அறையை அளப்பதற்குச் சமம். ஃபே ஒன்றை அளந்தாள். மற்றதை அளந்தாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதலாவதை மறுபடி அளந்தாள்.

"உன் தோள் அவன் தோளைவிட முன்னால நிக்குது," என்றாள். "ஒரு தபால் கார்டு கனம் இருக்கும்."

"அப்படின்னா என் அறை நீளம்."

"கொஞ்சம் நீளம். தப்பில்ல, அனுமதிச்ச அளவுதான். செஞ்சவன் கை தாராளம்."

டார்லீன் கவுண்டரில் விரலால் கோடு போட்டபடி யோசித்தாள். மெர்லின் அச்சு மெர்லின் அறைக்கு அளவாய் முடுக்கியது. அவளுடைய கூட்டை ஒவ்வொரு தடவையும் அது மெர்லின் அளவுக்குக் குறுக்குகிறது. குறுகிய தோட்டா அவளுடைய நீள அறைக்குள் போய் ஆடிக்கொண்டு கிடக்கிறது. வெடித்ததும் எட்டாத தோளை எட்டுவதற்காக இடுப்பை இழுத்து நீட்டிக்கொள்கிறது. மறுபடி அச்சு, மறுபடி குறுக்கல், மறுபடி நீட்டல். இழுத்து இழுத்து விட்ட இடம்தான் அந்த வளையம். ஆடிக்கிடக்கிற தோட்டாவைத் துப்பாக்கியின் ஊசி ஒரு நாள் போல ஒரு நாள் தட்டாது. அங்கிருந்துதான் ஓடுகாலி வருகிறது.

"அட!" என்றாள், பஸ் பிள்ளை ஒன்று கணக்குக்கு விடை கண்டுபிடித்த மாதிரி. கோபம் வந்திருக்கவேண்டிய இடம் அது. அவளுக்குச் சந்தோஷம்தான் முதலில் வந்தது, கோபம் வீட்டுக்குப் போகும் வழியில் பாலத்துக்குப் பக்கத்தில்தான் வந்தது.

"சரி, அச்சு வேணும்," என்றாள். "என்னென்ன இருக்கு?"

அடுப்புப் பக்கம் காப்பி குடித்துக்கொண்டிருந்த ரெண்டு பேருக்கு அதுவரை காது மட்டும்தான் இருந்தது, இப்போது வாயும் முளைத்தது. "கழுத்தை மட்டும் புடிக்கிற அச்சு வாங்கு, உடம்பைத் தொடக்கூடாது," என்றான் ஒருவன். "அளவெடுத்துத் தச்ச சட்டை மாதிரி அறையில உக்காரும்." மற்றவன், "சட்டையெல்லாம் சரி, அஞ்சாறு தடவை சுட்டா சட்டை இறுகிப்போயிரும், போல்ட்டை மூட கடப்பாரை வேணும்," என்றான். ரெண்டு பேரும் அவளை விட்டுவிட்டுத் தங்களுக்குள் சண்டை போட ஆரம்பித்தார்கள்.

டார்லீன் ரெண்டையும் கேட்டுக்கொண்டாள். கழுத்து அச்சு கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கோட்டில் படுத்திருக்கும்போது, அறையை மூடித் திறக்கிற போல்ட் இறுகினால் என்ன ஆகும்? கையை ஊன்றவேண்டும், தோளை எடுக்கவேண்டும், அமைத்துவைத்த உடம்பு கலைந்துபோகும். ஒரு மயிரிழை இடம் இருந்தால்தான் தோட்டா வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். ஒரு மயிரிழைதான் வேண்டும், தபால் கார்டு வேண்டாம். ஆகவே உடம்பு முழுக்கப் பிடிக்கிற அச்சு, ஆனால் தன் அறைக்கு முடுக்கியது.

"அது சரி, கழுத்துக்கு?" என்றாள் ஃபே. "சாதா அச்சுல நடுவுல ஒரு குமிழ் இருக்கும். கழுத்தை அளவுக்கு மீறி நெரிச்சிட்டு, அப்புறம் குமிழை உள்ள விட்டு இழுத்து விரிக்கும். இழுக்குறப்ப கழுத்து கொஞ்சம் கோணும். இந்தா, இது வேற மாதிரி. வளையம் மாத்திக்கலாம். உன் கழுத்துக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவுக்கு ஒரு வளையம். குமிழே வேண்டாம்."

"ஏன் எல்லாரும் இதை வாங்குறதில்ல?"

"வெலை, வேற என்ன? அப்புறம், எந்த வளையம்னு ஒவ்வொண்ணாப் போட்டுப் பாக்கணும். அதுக்குப் பொறுமை இருக்குறவன் என் கடைக்கு வர்றதில்ல, மீன் பிடிக்கப் போயிடுறான்."

குண்டை உட்கார வைக்கிற அச்சையும், திருகுத் தலையில் அளவுக்கோடு போட்டதாகப் பார்த்து, சேர்த்து எடுத்துக்கொண்டாள்.

மெர்ல் நிலவறைக்கு இறங்கி வந்தபோது பெஞ்சின் மறுகோடியில் அவள் ஒரு பழைய பிரஸ்ஸைத் திருகாணி போட்டு இறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இது என்ன, ஒரே வீட்டுல ரெண்டு அடுப்பா?"

"தனிக்குடித்தனம் இல்ல மெர்ல், தனி அச்சுதான்." கையைத் துடைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். நீலம், சிவப்பு, தோள், தபால் கார்டு எல்லாம்.

மெர்ல் பொறுமையாகக் கேட்டான். கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினான். "கார்டு கனமா! சரிம்மா, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். இத்தனை வருஷம் என் தோட்டாவைப் போட்டு உன் போல்ட்டு மூடாம இருந்திருக்கா?"

"இல்ல."

"மூடுச்சுல்ல?"

"மூடுச்சு."

"அப்புறம் என்ன?"

 மூடியது என்னவோ உண்மைதானே. அவள் திரும்பித் தன் அச்சின் உயரத்தை நிறுத்திப் பிடிக்கிற பூட்டுவளையத்தை முடுக்கினாள். தீயணைப்பு நிலையத்தில் நிதிக்காகக் கோழி வாட்டி விற்கும் ஞாயிற்றுக்கிழமை வந்தது. மெர்ல் ஊரே கேட்க, "எங்க வீட்டுல பாகப்பிரிவினை ஆயிடுச்சு," என்று சொல்லிச் சிரிக்க வைத்தான். அவளும் சிரித்தாள். கொஞ்சம் வலிக்கவும் செய்தது.

வேனிற்காலம் முழுக்கப் பள்ளிக்கூட விடுமுறை. டார்லீன் வளையம் மாற்றி வளையமாகப் போட்டுப் பார்த்தாள். ஒன்று கழுத்தை இறுக்கியது, குண்டு உட்கார முரண்டு பிடித்தது. ஒன்று தளர்வு, விரலால் அழுத்தினாலே குண்டு உள்ளே போயிற்று. நடுவிலிருந்த ஒன்று சரியாய் வாய்த்தது. தோளைத் தன் அறைக்கு ஒரு மயிரிழை குறைவாய் நிறுத்தக் கற்றுக்கொண்டாள். பூட்டுவளையத்தைக் கொஞ்சம் திருப்பி, ஒரு கூட்டை அமுக்கி, துப்பாக்கியில் போட்டு மூடிப் பார்ப்பாள், மறுபடி திருப்புவாள். ஒரு நாள் போல்ட் அதன் கனத்திலேயே வந்து மூடிக்கொண்டது. "ஏய், நீயா!" என்று சத்தமாகவே சொன்னாள், நெடுநாள் காணாத சிநேகிதியைக் கண்ட மாதிரி.

புதிதாக வாங்கி நீலம் தீட்டிய அவளுடைய கூடுகள் எட்டாவது தடவையும் வளையம் இல்லாமல் வந்தன. ஓடுகாலிகள் குறைந்தன. அடியோடு போகவில்லை. எப்போதாவது ஒன்று ஓடும். ஆனால் இப்போது அது போகும்போதே அவளுக்குத் தெரிந்தது: மூச்சு, விரல், அவசரம். "இது என்னுது," என்று குறித்துக்கொண்டாள். மெர்ல் விரலைப் பற்றிச் சொன்னதும் பொய்யில்லை. எது தன்னுடையது, எது தன்னுடையது இல்லை என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்ததில் அவளுக்கு எட்டு வருஷத்துப் பாரம் இறங்கியது.

ஆகஸ்டு முடியும்போது அணித்தலைவன் நெல்சன் எல்லார் புள்ளியையும் கூட்டிப் பார்த்தான். குதிரை வைத்தியம் பார்க்கிறவன், ஆளும் குதிரை மாதிரி நேரே பார்த்துப் பேசுகிறவன். மூன்று இடங்கள் பழையபடி. நாலாவதுக்கு மெர்லும் டார்லீனும் சமம். "வர்ற ஞாயிறு ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துல படுத்து, குறிச்ச நேரத்துக்குள்ள சுடுங்க," என்றான். "ஜெயிச்சவங்க அணியில. தோத்தவங்க குழியில. புருஷன் பொண்டாட்டிங்கிறதுக்காக நான் கடிகாரத்தை நிறுத்தமாட்டேன். தோட்டாவுல தகராறுன்னாலும் நிறுத்தமாட்டேன். அவங்கவங்க தோட்டா அவங்கவங்க பொறுப்பு."

அந்த வாரம் வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் மழையைப் பற்றியும் தக்காளியைப் பற்றியும் மட்டும் பேசினார்கள்.

ஞாயிறு காலை மெர்ல்தான் வண்டியில் சாமான் ஏற்றினான். ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி மஞ்சள் பிளாஸ்டிக் பெட்டி. ஒன்று வாங்கினால் ஒன்று பாதி விலை என்று போட்டிருந்தபோது அவன் வாங்கியவை. சுடுதளத்தில் பனி விலகிக்கொண்டிருந்தது. ரெண்டு பாய் விரித்துப் படுத்தார்கள். தூரத்தில் அட்டைகள் ஏறின. "போடலாம்," என்றான் நெல்சன், கடிகாரத்தை அமுக்கி.

டார்லீன் பெட்டியைத் திறந்து ஒரு தோட்டாவை எடுத்தாள். அடியில் நீலம் இல்லை.

இன்னொன்றை எடுத்தாள். அதிலும் இல்லை. அது மெர்லின் பெட்டி.

பக்கத்துப் பாயில் இரும்பு இரும்போடு முட்டும் சத்தம் கேட்டது. மெர்லின் போல்ட் பாதியில் நின்றுவிட்டது. அவன் உள்ளங்கையால் தள்ளினான். மறுபடி தள்ளினான். "என்னடா இது சனியன்!" என்று உறுமினான். பின்னால் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். அவன் அடுத்த தோட்டாவை எடுத்துப் போட்டான். அதுவும் நின்றது.

டார்லீனுக்கு ஒரு கணத்தில் எல்லாம் விளங்கிவிட்டது. அவளுடைய நீளத் தோள் தோட்டா அவனுடைய குட்டை அறையில் மூடாது. அந்தப் பெட்டியில் இருக்கிற ஒன்றுகூட மூடாது. அவள் கையிலிருக்கிற அவன் தோட்டாவோ, அவளுடைய அறையில் என்றும் போல வழுக்கிக்கொண்டு போகும். பேசாமல் படுத்துச் சுட்டால் போதும். ஓடுகாலி ஒன்று ரெண்டு போனாலும் கவலையில்லை, எதிராளி சுடவே போவதில்லை. இடம் அவளுக்கு. ஏமாற்று என்று யாரும் சொல்லமுடியாது, பெட்டியை ஏற்றியவன் அவன்தானே.

அவளுக்கு ஆசை வரவில்லை என்று சொன்னால் பொய். எட்டு வருஷம் குழியில் நின்றவள். தோட்டாவை அறை வாயில் வைக்கக்கூடச் செய்தாள். ஆனால் இந்தத் தோட்டாவில் ஜெயித்தால், ஜெயித்தது யார் என்று தனக்கே தெரியாமல் போய்விடுமே. அது அவளால் தாங்கமுடியாத விஷயம். தோட்டாவை எடுத்தாள், போல்ட்டைத் திறந்தபடி வைத்தாள், எழுந்தாள்.

"கடிகாரம் ஓடுது டார்லீன்," என்றான் நெல்சன்.

"ஓடட்டும்." மெர்லின் பாய்ப்பக்கம் குந்தினாள். அவன் முகம் சிவந்திருந்தது. மறுபடி உள்ளங்கையை ஓங்கினான்.

"அடிக்காத மெர்ல். அது என்னுது."

"என்ன?"

"பெட்டி மாறிப்போச்சு. இந்தா உன்னுது."

மெர்ல் போல்ட்டைப் பின்னுக்கு இழுத்தான். அவளுடைய தோட்டா வெளியே வந்து விழுந்தது. அதன் தோளில் அவன் அறை கடித்த தடம் பளிச்சென்று தெரிந்தது. அவன் அதையே பார்த்தான். பிறகு சட்டைப்பையில் போட்டுக்கொண்டு தன் பெட்டியை வாங்கினான்.

போன நேரம் ரெண்டு பேருக்கும் போனதுதான். டார்லீன் படுத்தாள். போல்ட் வழுக்கிக்கொண்டு மூடியது. காற்று இடப்பக்கமிருந்து வந்தது, ஓடைக்கு மேலே கானல் சாய்ந்து ஓடியது. குழியிலிருந்து இத்தனை வருஷம் பார்த்த அதே காற்றுதான், இங்கிருந்து பார்க்க வேறு மாதிரி இருந்தது. அவள் சுட்டாள். நடுவில் ஒன்று ஓடிற்று. "இது என்னுது," என்று முணுமுணுத்துக்கொண்டு அடுத்ததைப் போட்டாள். மெர்லும் நன்றாகத்தான் சுட்டான். அவன் ஒன்றும் கை நடுங்கித் தோற்கவில்லை. குழியிலிருந்து புள்ளி வந்தபோது டார்லீனுக்கு ரெண்டு கூட.

நெல்சன் கை கொடுத்தான். ஃபே எங்கிருந்தோ விசில் அடித்தாள். மெர்ல் எல்லார் முன்னாலும் தொப்பியைக் கழற்றி, "குழியில சாப்பாடு நல்லா இருக்கும்னு கேள்விப்பட்டேன்," என்றான். எல்லாரும் சிரித்தார்கள். தோற்றதை அவன் நன்றாகவே தாங்கிக்கொண்டான். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

வண்டியில் ஏறியபோது சாவியை அவளிடம் கொடுத்துவிட்டு அந்தப்பக்கம் உட்கார்ந்தான். சட்டைப்பையிலிருந்து அந்தத் தோட்டாவை எடுத்தான். தோளிலிருந்த தடத்தைக் கட்டைவிரலால் தடவினான். கழகத்துக் கேட்டைத் தாண்டி மண்ரோடு முடியும்வரை தடவிக்கொண்டே வந்தான்.

"டார்லீன்."

"ம்."

"என் தோட்டா உன்னுதுல எப்படிப் போகும்? போடும்போது எப்படி இருக்கும்?"

அவன் அப்படி ஒரு கேள்வியை அவளிடம் கேட்டதே இல்லை. அவள் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னாள். "சத்தமே இல்லாமப் போகும்."

"ஒரு தடவகூட முரண்டு பண்ணதில்லயா?"

"இல்ல."

"அப்ப எனக்கு எப்படிம்மா தெரியும்?" அவன் குரலில் சண்டை இல்லை. நிஜமாகவே கேட்டான். "சத்தம் இல்லாம மூடுச்சுன்னா சரியா இருக்குன்னுதான நெனப்பாங்க?"

"எனக்குமே தெரியாது மெர்ல். அப்படித்தான் இருக்கும்போலன்னு நெனச்சேன்." பாலம் வந்தது, அவள் வேகத்தைக் குறைத்தாள். "என்னுது உன்னுதுல இன்னைக்கு ஒரு நாள்தான் போச்சு. அது போட்ட சத்தம் நெல்சனுக்கும் கேட்டுது, ஃபேவுக்கும் கேட்டுது."

 மெர்ல் தோட்டாவை முன்கண்ணாடிக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்தான். அது வண்டி ஆட்டத்தில் விழுந்தது. எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். சோளக்கொல்லைகள் எல்லாம் தாண்டி, தீயணைப்பு நிலையம் தாண்டி, தங்கள் வீட்டுப் பாதைக்குத் திரும்புகிற இடத்தில்தான் மறுபடி வாயைத் திறந்தான்.

"நாளைக்கு ஃபே கடைக்குப் போகணும். வேற கலர்ல ஒரு பெட்டி வாங்கணும்."

"எனக்கா?"

"இல்ல," என்றான் மெர்ல். "உன்னுது அப்படியே இருக்கட்டும். நான் மாத்திக்கிறேன்."